விளம்பரத்தின் பொறுப்பு

நுழையும்முன்

ஒரு பொருளின் பெயரைப் பலரும் அறியச் செய்வதே விளம்பரம். ஆயினும், அது பொருளின் பெயரை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. எதைக் கண்டு சிரிக்கலாம், யாரை எப்படி நோக்கலாம் என்னும் எண்ணங்களும் அதனோடு நுழைகின்றன. பெண்ணின் அச்சத்தை வேடிக்கையாக்கிய சில விளம்பரங்களையும், அவற்றை வெளியிட்ட நிறுவனங்கள் அளித்த விளக்கங்களையும் இப்பாடம் ஆராய்கிறது.

இரண்டு காட்சிகள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் இலண்டன் நகரின் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் இடையே டெஸ்ட் கிரிக்கெட் போட்டி நடந்தது. இந்தியாவில் அப்போட்டியைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள், இடையிடையே 'லேயர் ஷாட்' என்னும் உடல் நறுமணத் தெளிப்பானின் புதிய விளம்பரங்கள் இரண்டையும் கண்டனர்.

ஒரு விளம்பரம் கடையில் நிகழ்கிறது. பொருள்கள் அடுக்கப்பட்ட பகுதியில் பெண் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் நான்கு இளைஞர்கள் வருகின்றனர். தாங்கள் நால்வர் என்றும், இருப்பதோ ஒன்றுதான் என்றும், ஆகவே 'ஷாட்' யாருக்கு என்றும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனர். அப்பெண் திடுக்கிட்டுத் திரும்புகிறார். அவர் முகத்தில் அச்சம் படர்கிறது. அதன் பின்னரே அடுக்கில் எஞ்சியிருக்கும் ஒரே ஒரு தெளிப்பான் குப்பி காட்டப்படுகிறது. இளைஞர்கள் பேசியது அக்குப்பியைப் பற்றித்தானாம்.

மற்றொரு விளம்பரம் படுக்கையறையில் நிகழ்கிறது. ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் இருக்கும் அறைக்குள் நண்பர்கள் சிலர் நுழைகின்றனர். 'ஷாட்' ஆயிற்றா என்று அந்த இளைஞரிடம் கேட்கின்றனர். ஆயிற்று என்று விடை வருகிறது. இனித் தங்கள் முறை என்கின்றனர். பெண் அதிர்ந்துபோகிறார். பிறகு இங்கும் அதே குப்பி வெளிப்படுகிறது.

இக்காட்சிகளில் ஆடைக் குறைவு இல்லை. தகாத சொல் என்று தனியே எடுத்துக் காட்டக்கூடிய சொல்லும் இல்லை. எவரும் எவரையும் தொடவில்லை. எனினும், கண்டவர்கள் பதறினர். தலைநகர் தில்லியில் 2012 டிசம்பர் 16 அன்று ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமையை நாடு மறந்திருக்கவில்லை. விளம்பரம் ஒளிபரப்பான அதே நாள்களில், ஐதராபாத்தில் சிறுமி ஒருவருக்குப் பலர் சேர்ந்து இழைத்த பாலியல் வன்கொடுமை பற்றிய செய்திகளும் வந்துகொண்டிருந்தன. செய்தியில் குற்றமாக வந்ததே விளம்பரத்தில் வேடிக்கையாக வந்தது.

சிலேடையின் இலக்கணம்

இவ்விளம்பரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தமிழ் மாணவர்கள் எளிதில் கண்டறியலாம். ஒரு சொல்லோ தொடரோ இரு பொருள்பட வருவது இரட்டுறமொழிதல். அதனைச் சிலேடை என்றும் கூறுவர். காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாடலில் இணைத்துப் பாடியபோது, கேட்பவர் மனத்தில் இரண்டும் தோன்றினால்தான் பாடல் சுவைக்கும். பாம்பு தோன்றாமல் பழம் மட்டும் தோன்றுமானால் அது சிலேடையாகாது. "நான் பழத்தைத்தான் பாடினேன், பாம்பு உங்கள் கற்பனை" என்று புலவர் கூறவும் இயலாது.

'லேயர் ஷாட்' விளம்பரங்களும் சிலேடையைக் கொண்டே கட்டப்பட்டவை. 'ஷாட்' என்பது பொருளின் பெயர். ஆனால், பார்ப்பவர் அதனை முதலில் அப்பொருளில் கொள்ளக்கூடாது என்பதற்காகவே குப்பி மறைத்து வைக்கப்படுகிறது. நால்வர் ஒரு பெண்ணைச் சூழும் காட்சி முன்வைக்கப்படுகிறது. அப்பெண் அஞ்சி நோக்கும் முகம் அண்மையில் காட்டப்படுகிறது. கூட்டுப் பாலியல் வன்கொடுமை என்னும் எண்ணம் பார்ப்பவர் மனத்தில் தோன்றாவிட்டால் இறுதியில் குப்பி தோன்றும்போது வியப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. எழுதியவர், இயக்கியவர், படத்தொகுப்புச் செய்தவர் ஆகிய எல்லாரும் அந்த எண்ணத்தை எதிர்பார்த்தே பணியாற்றியிருக்க வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒன்றும் இங்கு நிகழ்கிறது. குப்பி வெளிப்பட்டதும் அப்பெண்ணின் அச்சம் அவருடைய பிழையாக மாறிவிடுகிறது. இளைஞர்கள் குற்றமற்றவர்கள், அவரே தவறாக எண்ணிவிட்டார். உண்மையில், முன்பின் அறியாத நால்வர் பின்னால் நின்று அவ்வாறு பேசினால் அஞ்சுவதே அறிவுடைமை. அந்த அறிவைத்தான் விளம்பரம் பேதைமையாகக் காட்டுகிறது. பேருந்திலும் தெருவிலும் பணியிடத்திலும் தமக்கு நேர்ந்ததைக் கூறும் பெண்கள், "நீ தவறாகப் புரிந்துகொண்டாய்" என்னும் மறுமொழியைக் கேட்பது புதிதன்று. பாலியல் வன்முறையை அற்பமாக்குதல் என்பது அதனை வெளிப்படையாகப் போற்றுவது மட்டுமன்று. அதனைப் பற்றிய அச்சத்துக்கு இடமே இல்லை என்று காட்டுவதும் ஆகும்.

வருத்தமும் விளக்கமும்

எதிர்ப்பு விரைந்து எழுந்தது. பொதுமக்களும் திரைத்துறையினர் பலரும் கண்டித்தனர். தில்லி மகளிர் ஆணையம் காவல்துறைக்கு அறிவிக்கை அனுப்பியது. விளம்பரத் துறையின் தற்கட்டுப்பாட்டு அமைப்பாக 1985இல் தோன்றிய இந்திய விளம்பரத் தர மன்றம் (ஆஸ்கி), தன் நெறிமுறைகளை இவ்விளம்பரங்கள் கடுமையாக மீறியிருப்பதாக அறிவித்தது. விசாரணை முடியும்வரை காத்திராமல் ஒளிபரப்பை முதலில் நிறுத்திவைக்கும் தன் சிறப்பு நடைமுறையை அது கையாண்டது. ஜூன் 4 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இக்காணொளிகளை நீக்குமாறு ட்விட்டருக்கும் யூடியூபுக்கும் ஆணையிட்டது.

ஜூன் 6 அன்று நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. அதில் வருத்தம் தெரிவிக்கப்பட்டிருந்தது. ஒளிபரப்பை நிறுத்துமாறு ஊடகங்களைக் கேட்டுக்கொண்ட செய்தியும் இருந்தது. அவற்றோடு வேறு இரண்டு கூற்றுகளும் இருந்தன. உரிய ஒப்புதல்கள் அனைத்தையும் பெற்ற பின்னரே விளம்பரங்கள் வெளியாயின என்பது ஒன்று. எவர் மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, சிலர் தவறாக எண்ணிக்கொண்டனர் என்பது மற்றொன்று.

இரண்டாம் கூற்றை முதலில் நோக்கலாம். விளம்பரத்தில் வரும் பெண்ணுக்கு இளைஞர்கள் தரும் விடையும், பார்வையாளர்களுக்கு நிறுவனம் தந்த விடையும் ஒன்றாகவே இருக்கின்றன. "நீங்கள் நினைத்தது போல் இல்லை." சிலேடையின் இரு பொருளையும் திட்டமிட்டு அமைத்தவர், எதிர்ப்பு எழுந்தவுடன் ஒரு பொருளைப் பார்வையாளர் தலையில் சுமத்திவிட்டு விலகுவது நேர்மையாகாது. நோக்கம் தீயதன்று என்பதை ஏற்றுக்கொண்டாலும், தன் செயலின் பொருளை அறியாதிருந்தேன் என்பது ஒரு நிறுவனத்துக்குத் தகுந்த விடையன்று.

முதற் கூற்று இதனினும் ஆராயத்தக்கது. திரையரங்கில் காட்டப்படும் விளம்பரப் படத்துக்குத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் சான்று தேவை. தொலைக்காட்சியில் நிலைமை வேறு. இத்தகைய பொருளுக்கான விளம்பரத்தை ஒளிபரப்புக்கு முன்பே பார்த்துச் சான்றளிக்கும் அரசு அமைப்பு எதுவும் அன்று இல்லை. 'ஆஸ்கி'யும் பெரும்பாலும் விளம்பரம் வெளியான பின்னரே விசாரிக்கும். எனவே ஒப்புதல் என்று எதனைக் குறித்தாலும், அது விளம்பரத்தை உருவாக்கியவர், அதற்குப் பணம் தந்தவர், அதனை ஒளிபரப்பியவர் ஆகியோரின் வட்டத்துக்குள் கிடைத்த ஒப்புதலாகவே இருக்க முடியும். பல மேசைகளைக் கடந்து வந்த ஒன்றை ஒரு மேசையிலும் எவரும் தடுத்து நிறுத்தவில்லை என்பதைத்தான் அக்கூற்று உண்மையில் வெளிப்படுத்துகிறது.

தெரிந்து தெளிவோம்

பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. பெண்களை இழிவுபடுத்தும் விளம்பரங்களை வெளியிடுவதை இச்சட்டத்தின் 3ஆம் பிரிவு தடைசெய்கிறது. குற்றத்தை நிறுவனம் புரிந்திருந்தால், நிறுவனத்தோடு அதன் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பானவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார் என 7ஆம் பிரிவு கூறுகிறது. தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி அனைத்தையும் மேற்கொண்டதாகவோ மெய்ப்பித்தால் மட்டுமே அவர் விடுபட இயலும். கம்பிவடத் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994இன் 7ஆம் விதி, 'ஆஸ்கி'யின் நெறிமுறைகளை மீறும் விளம்பரங்களை ஒளிபரப்பக்கூடாது என்கிறது.

முன்னர் நிகழ்ந்தவை

இஃது ஒரு நாட்டுக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிய குறையன்று. 2012 மார்ச் மாதத்தில் 'பெல்வெடியர்' என்னும் ஓட்கா மதுவின் விளம்பரம் சமூக ஊடகங்களில் வெளியானது. ஆண் ஒருவர் பின்னிருந்து பிடிக்க, விடுபட முயலும் பெண்ணின் அச்சம் நிறைந்த முகம் அப்படத்தில் இருந்தது. மதுவின் மென்மையை அப்பெண்ணின் மறுப்போடு ஒப்பிட்டு, வேடிக்கை போல ஒரு வாசகமும் எழுதப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தவுடன் அவ்விளம்பரம் நீக்கப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கோரினார். பாலியல் வன்முறைக்கு எதிராகச் செயல்படும் அமெரிக்க அமைப்பு ஒன்றுக்கு நன்கொடையும் அளிக்கப்பட்டது. பின்னர், அப்படத்தில் இருந்த நடிகை வழக்குத் தொடர்ந்தார். வேறொரு நகைச்சுவைக் காணொளியில் தாம் நடித்த காட்சி, தம் இசைவின்றி இதற்குப் பயன்படுத்தப்பட்டது என்பது அவர் முறையீடு. பெண்ணின் இசைவைக் கேலி செய்த விளம்பரத்தின் மீதே, ஒரு பெண்ணின் இசைவைப் பெறவில்லை என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது.

2015இல் அமெரிக்காவின் 'பட் லைட்' பீர் நிறுவனம் தன் குப்பிகளில் பலவகை வாசகங்களை அச்சிட்டது. அவற்றுள் ஒன்று, அன்றைய இரவுக்கு 'இல்லை' என்னும் சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிட இதுவே ஏற்ற பானம் என்னும் பொருள்பட அமைந்தது. எழுதியவர் உல்லாசத்தை எண்ணியிருக்கலாம். ஆனால், மதுவும் பெண்ணின் மறுப்பும் சந்திக்கும் இடத்தில் எத்தனை குற்றங்கள் நிகழ்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு அச்சொற்கள் வேறாக ஒலித்தன. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு அவ்வாசகத்தை அச்சிடுவதை நிறுத்தியது.

'இல்லை' என்னும் சொல்லுக்கு இந்தியச் சட்டம் தரும் இடத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். 2012ஆம் ஆண்டு தில்லி நிகழ்வுக்குப் பின் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் அமைக்கப்பட்ட குழு, ஒரு மாதத்துக்குள் தன் அறிக்கையை அளித்தது. அதனைத் தொடர்ந்து 2013இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. இசைவு என்பது ஐயத்துக்கு இடமின்றித் தன் விருப்பத்தோடு தெரிவிக்கப்படும் உடன்பாடு என்று அத்திருத்தம் வரையறுத்தது. ஒரு பெண் உடல்வலிமையால் எதிர்க்கவில்லை என்பதனாலேயே அவர் இசைந்தார் எனக் கொள்ளலாகாது என்றும் தெளிவாக்கியது.

அத்திருத்தத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2013 மார்ச் மாதத்தில் நிறைவேற்றின. அதே மாதத்தில்தான் 'ஃபோர்டு ஃபிகோ' மகிழுந்துக்கென வரையப்பட்ட சுவரொட்டிகள் இணையத்தில் பரவின. மகிழுந்தின் பின்பெட்டி மிகப் பெரியது என்பதைக் காட்ட, கைகால் கட்டப்பட்ட பெண்கள் அதனுள் கிடப்பதாகவும், இத்தாலியின் முன்னாள் பிரதமர் முன்னிருக்கையில் சிரிப்பதாகவும் ஒன்று வரையப்பட்டிருந்தது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான மகிழுந்துக்கு, இந்தியாவில் இயங்கிய விளம்பர முகமை ஒன்று செய்த வேலை அது. அவை பணம் தந்து வெளியிடப்பட்ட விளம்பரங்கள் அல்ல. முகமையினர் தம் படைப்புத் திறனைக் காட்டும் பொருட்டு இணையதளம் ஒன்றில் பதிவேற்றியவை. மகிழுந்து நிறுவனமும் முகமையும் மன்னிப்புக் கேட்டன. முகமையில் சிலர் பதவி இழந்தனர். கடத்தப்பட்ட பெண்களைப் பின்பெட்டியின் அளவைக் காட்டும் அளவுகோலாக்குவது படைப்புத் திறன் என்று கருதப்பட்டதே இங்கு எண்ணத்தக்கது. எழுதப்படாத விதி ஒன்று அலுவலகத்துக்குள் நிலவினாலன்றி அவ்வெண்ணம் தாள்வரை வந்திராது.

ஒழுக்கமா, பாதுகாப்பா?

'லேயர் ஷாட்' விளம்பரங்களை நீக்க ஆணையிட்டபோது, கண்ணியம், ஒழுக்கம் ஆகியவற்றின் நோக்கில் அவை பெண்களைச் சித்திரித்த முறைக்குக் கேடு விளைவிப்பவை என அமைச்சகம் குறிப்பிட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பும் முதன்மையாகக் கண்ணியக் குறைவைத்தான் பேசுகிறது. முதற்குற்றத்துக்கு அது விதிக்கும் தண்டனை, இரண்டாண்டு வரையிலான சிறையும் 2,000 ரூபாய் வரையிலான தண்டமும் ஆகும். விளம்பரப் படப்பிடிப்புக் குழுவின் ஒருநாள் உணவுச் செலவுக்கும் போதாத தொகை அது!

தண்டத்தின் அளவைவிடச் சட்டத்தின் பார்வையே கருதத்தக்கது. பெண்ணின் உருவமும் உடலும் எவ்வாறு காட்டப்படுகின்றன என்பதையே அது முதலில் நோக்குகிறது. கடையில் நின்ற பெண் முழு ஆடையோடுதான் இருந்தார். அவ்விளம்பரத்தின் குறை உடல் காட்டப்பட்டதில் இல்லை. உள்ளம் நடுங்கியது விளையாட்டாக்கப்பட்டதில் இருக்கிறது. ஒழுக்கம் என்னும் அளவுகோலை மட்டும் கையில் வைத்திருப்பவர், முத்தக்காட்சியைத் தடுத்துவிட்டு இக்காட்சியை விட்டுவிடக்கூடும். பாதுகாப்பாக வாழும் பெண்ணின் உரிமை என்னும் அளவுகோலே இதற்குப் பொருந்தும்.

சொற்களும் இவ்வகையில் கவனிக்கத்தக்கவை. 1998இல் சென்னையில் இளைஞர் சிலரின் தொல்லையால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அதனை அடுத்துத் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஈவ் டீசிங்' என்னும் சொல் முதலில் இடம்பெற்றிருந்தது. 'டீசிங்' என்றால் சீண்டல், கேலி. ஓர் உயிரைப் பறித்த செயலுக்குக் கேலி என்று பெயரிடுவது பொருந்துமா? 2002இல் அச்சட்டத்தின் பெயர் பெண்களுக்கு எதிரான கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் எனத் திருத்தப்பட்டது. சட்டம் தன் சொல்லை மாற்றிக்கொள்ள நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. பேச்சு வழக்கிலிருந்து அச்சொல் இன்றும் நீங்கவில்லை.

பணம் செல்லும் வழி

நிறுவனத்தின் பொறுப்பு, தான் எடுக்கும் விளம்பரத்தின் உள்ளடக்கத்தோடு முடிவதில்லை. அவ்விளம்பரம் எதனருகே இடம்பெறுகிறது என்பதும் அதன் பொறுப்பே. 2013இல் ஃபேஸ்புக் தளத்தில், பெண்களைத் தாக்குவதையும் பாலியல் வன்கொடுமையையும் நகைச்சுவையாக்கும் பக்கங்கள் பல இருந்தன. முறையிட்டும் அவை நீங்கவில்லை. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் புதியதொரு வழியைக் கண்டனர். அப்பக்கங்களின் அருகே எந்தெந்த நிறுவனங்களின் விளம்பரங்கள் தோன்றுகின்றன என்று படமெடுத்து, அந்நிறுவனங்களிடமே காட்டினர். 'நிசான்' நிறுவனத்தின் பிரித்தானியப் பிரிவு உள்ளிட்டவை விளம்பரத்தை நிறுத்திவைத்தன. ஒரு வாரத்துக்குள், மே 28 அன்று, தன் நடைமுறைகள் எதிர்பார்த்தபடி செயல்படவில்லை என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அறத்தின் பேரால் கேட்டபோது திறக்காத கதவு, வருவாயின் பேரால் தட்டியபோது திறந்தது. இது மகிழத்தக்கதா, வருந்தத்தக்கதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். விளம்பரம் தருபவரின் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதில் ஐயமில்லை.

அவ்வலிமையை விளம்பரம் வெளியாகும் முன்பே பயன்படுத்துவதே நிறுவனங்களிடம் எதிர்பார்க்கப்படுவது. கதைச்சுருக்கம் மேசைக்கு வரும்போதே சில வினாக்களை எழுப்பலாம். இக்காட்சியில் சிரிப்பவர் யார்? யாருடைய இழப்பில் அச்சிரிப்பு பிறக்கிறது? பாதிக்கப்பட்ட ஒருவர் இதனைத் தம் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்க நேர்ந்தால் என்ன நிகழும்? இவ்வினாக்களைக் கேட்கப் பெரும் செலவு எதுவும் இல்லை. கேட்பவரை அலுவலகம் அடக்கிவிடாதிருக்க வேண்டும், தேவை அவ்வளவே. முகமையில் புதிதாகச் சேர்ந்த இளையவர் ஒருவர் "இது சரியில்லை" என்று கூறினால், அச்சொல் மேலிருப்பவர் செவியைச் சென்றடைய வழி உண்டா என்பதே அந்நிறுவனத்தின் பொறுப்புணர்வை அளக்கும்.

'லேயர் ஷாட்' நிறுவனம் வருத்தம் தெரிவித்த இரண்டாம் நாள், 2022 ஜூன் 8 அன்று, 'ஆஸ்கி' தன் புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பாலினம் சார்ந்த தவறான சித்திரிப்புகள் குறித்து ஏற்கெனவே ஆயத்தமாகிவந்த நெறிகள் அவை. பாலின அடிப்படையிலான வன்முறையைத் தூண்டுவது மட்டுமன்றி, அதனை அற்பமாக்குவதும் விளம்பரங்களில் கூடாது என்று அவை கூறுகின்றன; பின்தொடர்தல், தொல்லை தருதல் போன்றவற்றை இயல்பாக்குவதையும் விலக்குகின்றன. 'ஆஸ்கி' தண்டம் விதிக்கும் நீதிமன்றமன்று. நெறியைக் கைக்கொள்வது முதலில் நிறுவனங்களின் கையிலும், மீறலைக் கண்டு முறையிடுவது பார்ப்பவர்களின் கையிலும் இருக்கின்றன. முறையிடுவதற்கு வயது வரம்போ கட்டணமோ பெரும்படிப்போ தேவையில்லை. விளம்பரத்தின் பெயர், அது வெளியான இடம், நாள், அதில் கண்ட குறை ஆகியவற்றைத் தெளிவாக எழுதினால் போதும்.

கற்பவை கற்றபின்...

1. தொலைக்காட்சியிலோ செய்தித்தாளிலோ வெளியான விளம்பரம் ஒன்றைத் தெரிவுசெய்து, அதில் பெண்களும் ஆண்களும் என்னென்ன செயல்களில் ஈடுபடுவதாகக் காட்டப்படுகின்றனர் என்பதைக் குறித்துக்கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. "நோக்கம் தீயதன்று எனில் விளம்பரத்தின் விளைவுக்கு நிறுவனம் பொறுப்பாகாது" என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் இரு குழுக்களாக வாதிடுக.